எட்டு மில்லிமீட்டர்

கப்பலூர் சிட்கோவில்
நூல்மில் கூரைக்குத் தகரம் மாற்றும் வேலை.
முதல் ஆளாய் ஏறியவன் நான்,
தகரத்துக்கு அல்ல, வடத்துக்கு.

முகட்டோடு ஆறு தூண்.
தூணுக்குத் தூண் ஒன்பது மீட்டர்.
சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத எஃகு வடம்
படுத்த வாக்கில் ஓடும்.
கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு
போகும்போது பரங்குன்றத்துப் பாறையைப் பார்ப்போம்,
திரும்பும்போது டோல்கேட் லாரிகளை.

தூண் வரும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும்.
ஒரு கொக்கியை அந்தப் பக்கம் மாட்டிய பிறகுதான்
இந்தப் பக்கத்துக் கொக்கியைக் கழற்றலாம்.
சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.
கத்திரி வெயிலில் தகரத்தின் சூடு
பூட்ஸ் வழியே ஏறும்போது
யார் இரண்டு முறை குனிகிறான் என்பது
கூட நிற்பவனுக்குத்தான் தெரியும்.

சூப்பர்வைசர் தனராஜ் கீழேயிருந்து கத்தினார்:
"என்னப்பா இது, லொடலொடன்னு தொங்குது,
இழுத்து முறுக்கு!"

விறைத்து நிற்கும் வடம்
விழுகிறவன் எடையைப் பல மடங்காக்கித்
தூணின் அடியில் இறக்கும்.
தொய்வு இருந்தால் வளைந்து கொடுக்கும்.
ரொம்பத் தொய்ந்தாலோ
வடம் பிடிக்கும் முன்னே தரை பிடித்துவிடும்.
இவ்வளவையும் முகட்டிலிருந்து கத்த முடியாது.
"சரி சார்" என்றேன்.
ஸ்பேனரைச் சும்மா சுற்றினேன்.

வடத்தில் நாலு மைனா,
பெல்ட் இல்லாமல்.

வெளிச்சத்துக்கென்று நடுவில் போட்டிருந்த ஃபைபர் ஷீட்
இருபது வருடப் பஞ்சுத்தூசியில்
தகரத்தின் நிறத்துக்கே வந்திருந்தது.
காசிமாயன் அதில் கால் வைத்தான்.

சத்தம் பெரிதில்லை.
காய்ந்த பூவரச இலையை மிதித்தது போலத்தான்.
அடுத்த நொடி என் இடுப்பை யாரோ
கிணற்றுக்குள்ளிருந்து இழுத்தார்கள்.
முழங்கால் தகரத்தில் மோதியது.
ஒரே வடத்தில் இரண்டு பேர்;
அவன் விழுந்த செய்தி
காதுக்கு முன்னால் இடுப்புக்கு வந்தது.

ஓட்டை வழியே பார்த்தேன்.
கவண்வார் போல் வளைந்த வடம்.
முதுகுப் பக்கம் மடித்துத் தைத்திருந்த நாடா
தையல் பிரிந்து இரண்டு முழம் நீண்டு
அதன் நுனியில் காசி.
கீழே கார்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
தலையில் பஞ்சு ஒட்டிய பெண்கள் அண்ணாந்து நிற்க,
அவன் பையிலிருந்து உதிர்ந்த சில்லறை
அவர்கள் காலடியில் உருண்டது.

"காலை ஆட்டு, காசி! ஆட்டிக்கிட்டே இரு!"
தொங்குகிறவன் ரத்தம் தொடையில் தங்கிவிடும்.
விழுந்து பிழைத்தவன் தொங்கிச் சாகலாம்.
அவன் காற்றில் சைக்கிள் மிதித்தான்.
நாலு நிமிடமோ பதினொன்றோ,
பக்கத்துக் கம்பெனியின் லிஃப்ட் வண்டி வரும்வரை
மிதித்துக்கொண்டே இருந்தான்,
திருமங்கலம் போய்த் திரும்பியிருக்கலாம்.

தரையிறங்கியதும் தண்ணீர் கேட்கவில்லை.
"பதினேழு ரூவா வச்சிருந்தேன்,
யாரு பொறுக்குனது?"

மறுநாள் வடத்தைக் கழற்றினேன்.
"நல்லாத்தானப்பா இருக்கு?" என்றார் தனராஜ்.
பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது.
ஒருவனைப் பிடித்த வடம்
இன்னொருவனையும் பிடிக்குமென்று
எந்த எஞ்சினியரும் கையெழுத்துப் போடமாட்டான்.
துண்டுதுண்டாக வெட்டி, நுனியில் சிவப்பு அடித்து,
"ஆளுக்கு ஆகாது" என்று சீட்டுக் கட்டினேன்.

காசியின் மனைவி ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப் போனாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, செல்லூர், அவர்கள் மொட்டைமாடி.
தண்ணீர்த்தொட்டிக் குழாய்க்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே
அந்த எட்டு மில்லிமீட்டர்.
சீட்டைக்கூட அவிழ்க்கவில்லை.
அவன் வேலைப் பேன்ட், பிள்ளையின் யூனிஃபார்ம்,
ஈரம் சொட்டும் ஒரு பச்சைச் சேலை.
முறுக்கி விறைப்பாய்க் கட்டியிருந்தாள்.
என் கை தானாகப் போய் அமுக்கிப் பார்த்தது.

"கொஞ்சம் தொய்வு விடும்மா" என்றேன்.

பல்லில் கடித்திருந்த கிளிப்பை எடுத்துவிட்டு
பஞ்சவர்ணம் சொன்னாள்:
"தொய்வு விட்டா சேலை தரையில படுமேண்ணே."