சென்னை இருபத்தொன்று

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
சரக்கு வண்டி. முப்பதாவது பெட்டி வரை எண்ணும்போது
ஹெலன் போனில்:
"மல்பெரி வேணாம்னுட்டாங்க."

தரமணி, கண்ணாடிக் கட்டடம், பன்னிரண்டாம் மாடி.
"இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று சிரித்தவர்
அதில் ஒரு வரிகூட எழுதிப் பார்த்ததில்லை.
மல்பெரியை உண்டாக்கின ஆள் ஏதோ மேடையில்
யாரையோ அசிங்கமாகத் திட்டினான்.
நாலு வருஷம் ஆச்சு. ஆளே விலகிப் போயாச்சு,
திட்டு மட்டும் விலகவில்லை.
மாசாமாசம் புதுப் பதிப்பு வருகிறது,
முகம் தெரியாத சிலர் ராத்திரியில் ஓட்டை அடைக்கிறார்கள்.
வேலை விளம்பரத்தில் அதன் பெயர் இல்லை,
அதனால் கற்பவர் இல்லை,
கற்பவர் இல்லாததால்
வேலை விளம்பரத்தில் அதன் பெயர் இல்லை.

இந்தச் சுற்று எனக்குப் பழசு.
முதல் இன்டர்வியூவில் ஊர் கேட்டார்கள்.
கொருக்குப்பேட்டை என்றேன்.
ஓ, என்றார்.
அந்த ஓ-வுக்குள் ஒரு பட்டாக்கத்தி இருந்தது,
சினிமாவில் பார்த்தது.
அடுத்த இடத்தில் "சென்ட்ரல் பக்கம்" என்றேன்.
வேலை கிடைத்தது.

காசிமேட்டு தேசப்பன்
எதில் எழுதினாய் என்று கேட்கவே இல்லை.
"ரெண்டு மணிக்கு போட்டு கரை சேரும்.
டவர் பாதிதான் கெடைக்கும். அப்ப ஓடுமா?"
ஓடியது.
வஞ்சிரம் அறுபத்தேழு கூடை, ஏலம், ஐஸ் பாக்கி,
ஒரு ரூபாய் தொலையவில்லை.
செதில் ஒட்டிய கட்டைவிரலால் திரையைத் தேய்த்து
"ஷோக்கா கீதுமா" என்றார்.
இதை எந்த ஸ்லைடில் போடுவது?

நானும் யோக்கியமில்லை.
போன மாசம் வேலை கேட்டு வந்த பையன்,
எப்போதோ நாங்கள் கேலி செய்துவிட்டுப் போன ஒன்றில்
மொத்தக் கணக்கையும் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.
நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.
ஓ, என்றேன்.

"பேரை மட்டும் மாத்திடு," என்கிறாள் ஹெலன்,
"உள்ள என்ன ஓடுதுன்னு எவன் பாக்கப் போறான்?"

கேட் தூக்கிவிட்டார்கள். பின்னால் ஆட்டோக்காரர்
என் வம்சத்தையே விசாரிக்கிறார்.
வண்டியை ஓரங்கட்டி ஸ்லைடைத் திறக்கிறேன்.
மூலையில் மல்பெரியின் சின்னம்,
அசட்டுச் சிரிப்போடு ஒரு பட்டுப்புழு.
அது இருக்கட்டும்.
கீழே எங்கள் முகவரி, சென்ட்ரல் அருகில்.
அதை அழித்துவிட்டு
கொருக்குப்பேட்டை, சென்னை இருபத்தொன்று
என்று அடித்தேன்.

இன்னும் அனுப்பவில்லை.