ராத்திரியும்

மீன் வாசமா, ரப்பர் வாசமா?
போனை எடுத்ததும் அதைத்தான் கேட்டார்.
இந்த வீட்டில் மீன் சமைத்ததே இல்லை,
ஹவுஸ் ஓனருக்கு ஆகாது.
ஆனால் மீன் வாசம்தான்.
சுவிட்ச் போர்டுக்குள் யாரோ
நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மெயினை இறக்குங்க. குழாயைத் தொட்டுடாதீங்க.
அரவேனு தாண்டிட்டேன்னா அரைமணி நேரம்.

அதற்கு முன் ஒருவரின் போன் அணைந்திருந்தது.
இன்னொருவர் காலையில் பார்க்கலாம் என்றார்,
காலை வரை வீடு பொறுத்துக்கொள்ளும் என்பதுபோல.
மின்வாரியத்தில் கேட்டார்கள்:
பக்கத்து வீட்டில் லைட் எரியுதா?
எரியுது.
அப்போ அது உங்க பிரச்சினைம்மா.

இந்த எண்
மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் இருந்தது.
பென்சில். பெயர் கிடையாது.
ராத்திரியும் என்று ஒரு சொல் மட்டும்.
எனக்கு முன் குடியிருந்த யாரோ
இதேபோல் இருட்டில் நின்று எழுதியிருக்க வேண்டும்,
கடைசி எண் ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஒன்று என்று அடித்தேன்.
தூக்கத்திலிருந்து ஒரு ஆள் திட்டினார்.

கோத்தகிரி மஞ்சில் ஸ்கூட்டரின் வெளிச்சம் தெரியவில்லை.
ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் மட்டும்
கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி வந்தது.

பெள்ளிராஜுங்க என்றார்.
ரெயின்கோட்டை வாசலிலேயே உதறி,
கையைத் துடைத்து, மறுபடி துடைத்து,
என் துண்டை வாங்கி விரலிடுக்கெல்லாம் துடைத்தார்.
ஏறி நிற்க ஒரு பலகை வேண்டுமாம்.
கட்டிலுக்கடியில் மனைப்பலகை கிடந்தது,
கல்யாணத்தன்று உட்கார்ந்ததோடு சரி.
அதில் நின்று போர்டைத் திறந்தார்.

கீசர் கம்பி தீய்ந்த வெண்டைக்காய்போல் சுருண்டிருந்தது.
அவர் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
பச்சைக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு போனார்
டார்ச்சோடு, சுவர் ஓரமாக, சமையலறை வரை.
அது ஒரு ஆணியில் போய் முடிந்தது.
ஆணியில் என் காலண்டர்.

எர்த்துன்னு பேருக்கு இருக்குதுங்க.
மண்ணைத் தொடவே இல்ல.
பாத்திரம் கழுவறப்ப சுருக்குனு இருந்திருக்குமே?

எட்டு மாதமாக இருந்தது.
ஊட்டிப் பக்கம் குளிர் இப்படித்தான் போல என்று
நானும் ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

கீசரைத் துண்டித்தார்.
புது பிரேக்கர் மாட்டினார்.
ஞாயிறு வருவதாகச் சொன்னார்:
முட்டைக்கோஸ் பாத்திக்குப் பக்கத்தில் குழி தோண்டணும்,
மூணு கிலோ கல்லுப்பும் ஒரு மூட்டை கரியும்
வாங்கி வைங்க. தூளுப்பு வேண்டாம்.

எழுநூறு கேட்டார். ராத்திரி ரேட்டு.
கையில் அறுநூற்று நாற்பது.
போனில் அனுப்பப் பார்த்தால்
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
உப்போட சேர்த்துக் குடுங்க என்று
வண்டியை உதைத்தார்.
இறங்கும் வளைவுகளில் ஹாரன் அடிக்கவில்லை.

பன்னிரண்டே கால்.
குழாயை ஒற்றை விரலால் தொட்டேன்.
பிறகு கையால் பிடித்தேன்.
சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

பேனாவை எடுத்துப் போய்
மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்து
அந்த எண் முழுவதையும் அழுத்தி எழுதினேன்.
பெயரும் போட்டேன்.
கடைசி எண் ஏழு.