தொண்ணூற்றாறு குழிகள்

மண்டபம் முகாமில் கரண்ட் போய் வந்த இரவு
இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன்.
முப்பத்தேழு டிகிரி,
காய்ச்சல் விட்ட பிள்ளையின் கழுத்துச் சூடு.
உள்ளே யாரோ ஒரு பையனின் ரத்த செல்கள்.
அவன் பெயர் எங்களுக்கு வராது; குடுவையில் ஓர் எண்.
"என்னம்மா வளக்குறீங்க உள்ள, இறாலா?"
வாட்ச்மேன் சேசையா கேட்பார்.
இறால் என்றே சொல்லிவைத்திருக்கிறேன்.

காலையில் ஊற்றியது ஈத்தைல் மெத்தேன்சல்போனேட்.
பெயர்தான் நீளம், பார்க்கத் தண்ணீர்.
நான்கு மணி நேரம், பிறகு கழுவி எடுத்தாயிற்று.
லென்சில் ஒரு காயமும் தெரியவில்லை.
அதற்குள் எங்கோ ஒரு குவானினின் தோளில்
இரண்டு கார்பன் ஏறி உட்கார்ந்துவிட்டது.
படியெடுக்க வரும் நொதி
சைட்டோசினுக்கு வைத்திருந்த இடத்தைத்
தைமினுக்குக் கொடுத்துவிடும்.
அடுத்த படிக்கு அந்தத் தப்பே மூலப்பிரதி.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.
பாம்பனில் "வாளப்பளம்" என்று கேட்டாலும்
கடைக்காரர் வாழைப்பழம்தானே தருகிறார்.
ஆனால் கடல் என்பதில் கடைசி எழுத்து பிசகினால்
கடன்.
என் தம்பி ஜெரோன் அதைப் படகோடு சேர்த்து வாங்கியிருக்கிறான்.

பழைய நொதி செல்லுக்குள் தீர ஏழு நாள்.
கச்சான் மணலை வாரி ஜன்னலில் அடித்தது.
எட்டாம் நாள் குழிக்குழியாய் செல்களை விட்டு
எல்லாவற்றிலும் விஷம் வைத்தேன்.
தயோகுவானின். குவானினின் பங்காளி மாதிரி முகம்.
சரியாக எழுதப்பட்ட செல்
அதை நம்பி வாங்கித்
தன் ஏட்டிலேயே சேர்த்துக்கொண்டு சாகும்.
வாங்கிச் சேர்க்கும் ஜீன் கெட்டுப்போனதோ
சேர்க்கத் தெரியாமல் பிழைக்கும்.
ஆண்பிள்ளைச் செல்லில் அந்த ஜீன் ஒரே பிரதி,
பதிலுக்கு இன்னொன்று கிடையாது.

இரண்டு வாரம் கழித்து எண்ணினேன்.
சிவப்புத் திரவம் மஞ்சளான குழிகள் முப்பத்தொன்று.
நோட்டில் எழுதும்போது
பாலத்தில் ரயில் ஊர்ந்துபோகிற சத்தம்.

பிறகு அந்த இன்னொரு தட்டு,
மருந்தே படாமல் ஒப்பீட்டுக்கென்று வைத்தது.
அவசரமில்லாமல் விளக்கடியில் சாய்த்தேன்.
இரண்டாம் வரிசை, ஏழாவது குழி.
மஞ்சள்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
யாரும் ஒன்றும் ஊற்றவில்லை.
கோடி கோடியாய் எழுதுகிற கை
சும்மா ஒரு தரம் சறுக்கியிருக்கிறது.

கதவுக்கு வெளியே டீயை வைத்துவிட்டு
இறால் எப்படி என்றார் சேசையா.

ஒன்று தானாகவே வந்திருக்கிறது என்றேன்.