ஒரு சதுர மீட்டர் மழை

முர்சியாவின் அந்தச் சரிவில்
நூற்றுத் தொண்ணூறு நாளாக மழையில்லை.
நாங்கள் ஏற்றிக்கொண்டு போனோம்:
முந்நூறு லிட்டர் தண்ணீர், ஒரு பெட்ரோல் மோட்டார்,
நாலு கால் அலுமினியச் சட்டம்,
காற்றை மறிக்கத் தார்ப்பாய்.

வானத்தின் உயரம் இன்று
இரண்டரை மீட்டர்.

ஃபுயென்சாந்தா தகடுகளை மண்ணில் அடித்து இறக்கினாள்.
உள்ளே இருப்பதையெல்லாம் எழுது என்றாள்.
சரளை, முப்பது சதவீதம்.
காய்ந்த தைம் செடி, ஒன்று.
பாதாம் ஓடு, இரண்டு.
எறும்புகளை எண்ணவில்லை.

தோட்டத்துக்காரர் எலாடியோ
இடுப்பில் கையூன்றி நின்றிருந்தார்.
"கொஞ்சம் தள்ளி அந்த மரத்தின் தூரில் பெய்தால்
உங்கள் கணக்குக்கு என்ன கேடு?"
மரம் இருந்தால் சோதனை கெட்டுவிடும் என்றாள் அவள்.
மரம் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றார்.
சிரிக்கவில்லை.

நான் குழாயைத் திறந்தேன்.
மணிக்கு ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்:
செப்டம்பரின் முரட்டு மழை
ஒரு திருகில்.
துளி விழுந்த இடமெல்லாம் குழி.
குழியிலிருந்து எகிறிய பொடி
பக்கத்துத் துளைகளை அடைத்தது.
அரை வருடத் தாகம்
நாலரை நிமிடத்தில் போதும் என்றுவிட்டது.

பிறகு ஓட்டம்தான்.
தகட்டின் மூக்கு வழியே
முதலில் தேநீர் நிறம்,
போகப்போகச் செங்கல்.
நிமிடத்துக்கு ஒரு ஜாடி. மூடி. எண். அடுத்தது.

அந்த வாசம் கிளம்பியபோது
எலாடியோ தொப்பியைக் கழற்றினார்.
ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது.
திரும்பப் போட்டுக்கொண்டார்.

பதினோராவது ஜாடியை மூடுமுன்
அவருடைய நாய் வாயை விட்டது.
ஏட்டில் எழுதினேன்:
11, இழப்பு. காரணம், நாய்.
ஃபுயென்சாந்தா படித்துப் பார்த்து
அடிக்காமல் விட்டாள்.

நூற்றைந்து டிகிரி அடுப்பில் ஒரு நாள் காயவைத்தோம்.
அரை மணி மழைக்குத் தொண்ணூற்றிரண்டு கிராம்,
நாய் குடித்தது போக.
என் ஒரு கைக்குள் அடங்கியது.
சரிவு முழுக்கப் பெருக்கினால்
ஐந்தரை டன்.

பன்னிரண்டு நாள் கழித்து
அதைச் சொல்லத்தான் எலாடியோவை அழைத்தேன்.
அவர் முந்திக்கொண்டார்.
சட்டம் நின்ற இடத்தில்
ஏறத்தாழச் சதுரமாய்
ஏதோ முளைத்திருக்கிறதாம்.
என்ன செடி என்றேன்.
"யாருக்குத் தெரியும்.
ஆடு வருமே என்று
சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன்."

ஐந்தரை டன் என் நாக்கிலேயே நின்றது.