லிஃப்டின் அகலம்

காட்பாடி காந்தி நகரில்
மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து
ஒரு கப்பலின் வயிற்றை வரைகிறோம்.
கடல் இங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்.

கப்பலுக்கு ஐம்பது வருட ஆயுள்.
அதன் முதுகில் இறங்கப்போகும் விமானத்துக்கு
இன்னும் பெயர் வைக்கவில்லை.
ஓட்டப்போகிறவள் பிறந்திருக்க மாட்டாள்,
ஓட்ட ஆளே வேண்டாமென்றும் ஆகிவிடலாம்.
என் வேலை
அதை மேல்தளத்துக்கு ஏற்றும் லிஃப்டுக்கு
அகலம் சொல்வது.

"இறக்கையை மடிச்சுக்கட்டும்" என்கிறான் வாஜித்.
அவனேதான் போன வாரம் சொன்னான்,
ஒரு சாண் குறைந்த லிஃப்டால்
முப்பது வருடம்
வந்த விமானமெல்லாம் மூக்கைத் திருப்பிக்கொண்டு
கோணலாக ஏறிய கப்பலைப் பற்றி.

எஃகுதானே, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.
வெட்டலாம்.
தூணை நகர்த்தி, குழாயை நகர்த்தி,
மூன்று வருடம் உலர்துறையில் கிடத்திவைத்து.

செவ்வாய்க்கிழமை செலவுக் கணக்குக்கு சகாயராஜ் வந்தார்.
வரைபடத்தில் விரலை வைத்தார்.
இந்த அறையில் என்ன?
ஒன்றுமில்லை சார்.
பக்கத்து அறையில்?
அதற்கு வேண்டிய மின்சாரம்.
எதற்கு?
அந்த ஒன்றுமில்லாததற்கு.
சிவப்பு மையில் இரண்டு சுழி போட்டுவிட்டு
டீ வேண்டாமென்று போய்விட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது.
வெற்றிடத்துக்கும் எடை உண்டு,
சுற்றி நிற்கும் சுவர்களின் எடை.
மேலே ஏற்ற ஏற்ற
அலையில் கப்பல் சாய்ந்து நிமிரச் சோம்பும்.

சாயங்காலம் பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
கீழே மணல், சீமைக் கருவேலம்,
லாட்ஜ்காரர்கள் காயப்போட்ட வெள்ளைப் போர்வைகள்.
ஜன்னலோரம் பாலத்தின் கண்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.
ஒரு கண்ணிலும் ஈரமில்லை.
பின் சீட்டில் சிகிச்சைக்கு வந்த வங்காளிக் குடும்பம்,
இது ஆறா என்று தங்களுக்குள் கேட்டிருக்க வேண்டும்.
அந்தக் கார்த்திகையில்
எல்லாக் கண்ணும் நிறைந்து ஓடியபோது
இத்தனை கண் எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை
ஒன்றுமில்லாத அறையைப் பாதியாக்கினேன்.
மின்சாரத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.
லிஃப்டில் கை வைக்கவில்லை.
வாஜித் எட்டிப் பார்த்து
"சகாயராஜுக்கு நீயே பதில் சொல்லு" என்றான்.

பதினொரு மணிக்கு
அரக்கோணத்து விமானம் ஒன்று
மலைக்கு மேலே தாழப் போனது.
கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே
அதன் இறக்கையைப் பிடித்துப் பார்த்தேன்.
அடங்கியது.
அது போன பிறகு
விரலை இன்னும் கொஞ்சம் விரித்தேன்.