ஏழு டன்

தரமணி, பின்னிரவு. ஏசி நின்றுபோன கூடம்.
எண்ணூறு டன்னுக்கடியில் அமுங்கிக் கிடக்கிறது
வயிற்றில் ஈயம் வைத்த ரப்பர் தாங்கி,
கல்யாண அண்டா அகலத்துக்கு.
வடகிழக்கில் ஏதோ ஓர் ஊரில்
இதன்மேல் ஆஸ்பத்திரி நிற்கப் போகிறது.

பம்ப் உறுமியது. மேசை ஓடியது,
வலம், இடம், வலம்,
இரண்டு நொடிக்கு ஒரு சுற்று.
திரையில் வளையம் விழுந்தது,
கொழுத்த, வழவழப்பான வளையம்.
கம்பெனிக்காரர் பண்டாரி கைதட்டினார்:
"தொண்ணூற்றிரண்டு! கேட்டதுக்கு மேலேயே!"

தொண்ணூற்றிரண்டு தள்ளுகிற கையின் கணக்கு.
தள்ளுகிற கைக்கு எல்லாமே பாரம்தான்.
ஒன்பது டன் மேசையைக் கிளப்பித் திருப்புவதும்
அடியில் உருளைகள் முனகுவதும்
தாங்கி முறைப்பதும்
ஒரே பில்லில் விழும்.

மேசையின் கனத்தைக் கழித்துவிடலாம்.
வளையத்தின் நடுவில், வேகம் உச்சத்தில்,
முடுக்கம் பூச்சியமாகிற இடத்தில்
அது தானே விலகிக்கொள்ளும்.
உராய்வு விலகாது.

முந்தாநாள் வெறும் மேசையை ஓட்டினோம்.
"ஒண்ணுமில்லாததுக்கு இவ்ளோ கரண்டா மேடம்?"
என்றார் ஜெபசிங்.
ஒன்றுமில்லாதது ஒன்றரை டன் காட்டியது.
அதைக் கழித்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன்,
நேற்று எட்டரை மணி பஸ்ஸில்
படிக்கட்டில் தொங்கும்வரை.
காலி பஸ்ஸின் கதவும் இந்தக் கதவும்
ஒரே கதவா?
எண்ணூறு டன் ஏறி உட்கார்ந்தபின்
உருளைகள் என்ன கூலி கேட்கும் என்று
காலி மேசைக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நகராத பக்கத்திடம் கேட்டோம்.
தாங்கியின் தலைக்கு மேல், அசையாத சட்டத்தில்
நான்கு விசைமானிகள்.
ஜெபசிங் உள்ளங்கை கொப்புளிக்க முறுக்கிய போல்ட்டுகள்.
தாங்கி தருவது மட்டும்தான் அங்கே போய்ச் சேரும்.

எண்பத்தைந்து.

பண்டாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"மிச்சம் ஏழு எங்கே போச்சு?"
எங்கேயும் போகவில்லை சார். வரவே இல்லை.
அது எங்கள் மெஷினுடையது.
பூமி ஆடுகிற அன்றைக்கு
ஆஸ்பத்திரிக்கடியில் எங்கள் மெஷின் இருக்காது.

அவருக்கு எண்பத்தெட்டு வேண்டும்.
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
யாரையோ எழுப்பி இந்தியில் கெஞ்சுவது கேட்டது.
ஜெபசிங் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை
இரண்டு மூடியில் ஊற்றினார்.

வேளச்சேரிக்கு முதல் பறக்கும் ரயில் போனது.
சும்மா இருந்த விசைமானி
ஒரு மயிரிழை நடுங்கி
பூச்சியத்துக்குத் திரும்பியது.
திரும்பியதா?
பெரிதாக்கிப் பார்த்தேன்:
பூச்சியம் புள்ளி பூச்சியம் மூன்று.
நேரத்தோடு சேர்த்து
அதையும் எழுதிவைத்தேன்.