வேகாதது

டிசம்பரில் சூரியன் வேலைக்கு வருவதில்லை.
அதன் முறையையும் சேர்த்து
அர்சேனிதான் பார்க்கிறான்:
பன்னிரண்டு மணி நேரம், நிலக்கரி, மண்வாரி.
கோலா தீபகற்பத்தில் ஒரு சுரங்க ஊர் முழுக்க
அவன் கொதிக்கவைக்கும் தண்ணீரில்
குளிர்காய்கிறது.

நெருப்பு தொடாத எதையும்
ஐம்பத்து மூன்று வருடம் அவன் தின்றதில்லை.
கஞ்சி, கொழுப்பு மிதக்கும் சூப்,
டப்பா இறைச்சி, கொதிகலன் மூடிமேல் வாட்டிய ரொட்டி.

ஈறில் ரத்தம்.
வீட்டுக்கு அறுபத்து நான்கு படி.
மூன்று இடத்தில் நிற்பான்,
ஜன்னல் வழியே ஏதோ பார்ப்பவன் போல.

செவிலி கலீமா
கையிலிருந்து பட்டையை அவிழ்த்தாள்,
எண்ணைச் சொல்லவில்லை.
"தட்டில் பாதி பச்சையாக இருக்கட்டும்."
"நானென்ன முயலா?"
"முயல் படியில் மூச்சு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா?"

முதல் வாரம் வயிறு
ரயில் நிலையமாக இரைந்தது.
துருவிய பீட்ரூட்டைப் பார்த்து
"யாருக்கு அடிபட்டது?" என்றான்
அடுத்த முறைக்கு வந்த கெனாதி.
முட்டைக்கோஸ் தண்டுக்கு ஒரு கடைவாய்ப்பல்
ஒத்துழைக்க மறுத்தது.
முள்ளங்கி மூக்கைத் திறந்துவிட்டது.
கேரட்டுக்குள் ஒரு இனிப்பு,
வெந்த கேரட் இத்தனை நாள்
யாரிடமும் சொல்லாதது.

பிறகு வெங்காயம்.
காலி ஊறுகாய் ஜாடிகளில் தண்ணீர் ஊற்றி
உலைக்கதவுக்கு எதிரே உட்காரவைத்தான்.
ஆறாம் நாள் தாள் விட்டது.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன,
உலையின் சிவப்பைச் சூரியனென்று நம்பி.
தினமும் ஜாடியைத் திருப்பி வைக்கிறான்.
தினமும் அவை திரும்பிக்கொள்கின்றன.

ஏமாற்றுகிறோமோ
என்று ஓர் இரவு தோன்றியது.
மண்வாரியில் கரி. சற்று நேரம் அதையே பார்த்தான்.
இதுவும் ஒரு காலத்தில் பச்சைதான்,
ஏதோ ஒரு பழைய வெயிலைத் தின்று வளர்ந்தது.
அப்படியானால்
வெங்காயம் நம்பியது முழுப்பொய் இல்லை.
கரியை உள்ளே வீசினான்.
ஒரு தாளைக் கிள்ளி, கழுவாமலே கடித்தான்.
கண்ணில் நீர் வந்தது.

ஜனவரி முடிகிறது.
ஞாயிறுகளில் இறைச்சி பொதிந்த பெல்மெனி உண்டு,
அதை விட முடியவில்லை, விடுவதாகவும் இல்லை.
ஆனால் பல்துலக்கும் தூரிகை
வெள்ளையாகவே இருக்கிறது.
படியில் இப்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறான்,
அதுவும் மூச்சுக்காக இல்லை.
அந்த ஜன்னலில் நிஜமாகவே ஏதோ தெரிகிறது:
மலை விளிம்பில், கொஞ்ச நேரம்,
நறுக்கிய வெங்காய வட்டத்தில் பாதியளவு
வெளிச்சம்.